கருந்திரையில் நிறங்கள்

நுழையும்முன்

கட்டளைத் திரையில் கோப்புகளின் பெயர்கள் பல நிறங்களில் தோன்றுவது அழகுக்காக அன்று. ஒவ்வொரு நிறமும் ஒரு செய்தியைத் தாங்கி வருகிறது. அந்நிறம் தோன்றாமற்போவதும், தோன்றக் கூடாத இடத்தில் தோன்றுவதும், தோன்றியும் கண்ணுக்குப் புலப்படாமல் இருப்பதும் கணினியில் பணிபுரிவோர் அன்றாடம் காணும் சிக்கல்களாகும். அவற்றின் காரணங்களை இப்பாடம் ஆராய்கிறது. ஆங்கில எழுத்துகளால் தட்டச்சு செய்யப்படும் கட்டளைகள் இங்கு ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன.

கோவில்பட்டியைச் சூழ்ந்துள்ள வானம்பார்த்த பூமியில் நிலத்தின் நிறமே நிலத்தின் பெயராக வழங்குகிறது. கருமையான மண் கரிசல். சிவந்த மண் செவல். ஒரு காட்டைக் கரிசல் என்று உழவர் சொன்ன அளவிலேயே, அங்குப் பருத்தியும் கம்பும் உளுந்தும் மானாவாரியாக விளையும் என்பதும், மழை பெய்தால் கால் வைக்க இயலாதபடி மண் ஒட்டும் என்பதும், கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும் என்பதும் கேட்பவருக்கு விளங்கிவிடுகின்றன. ஒரு நிறச்சொல் பல செய்திகளைச் சுமக்கிறது.

அதே ஊரின் தீப்பெட்டித் தொழில் நிறத்தைப் பற்றி வேறொன்றையும் உணர்த்துகிறது. தீக்குச்சியின் தலைக்குச் செந்நிறம் தருவது சாயமே. எரிதலுக்குத் துணைபுரிவது குச்சியின் தலையிலுள்ள பொட்டாசியம் குளோரேட்டு. உரசியதும் பற்றவைப்பது பெட்டியின் பக்கத்தில் பூசப்பட்டுள்ள சிவப்புப் பாஸ்பரசு. சாயத்தை மாற்றினால் குச்சியின் தோற்றம் மாறுமேயன்றித் தீயின் தன்மை மாறாது. மண்ணின் நிறம் மண்ணிலேயே உள்ளது. குச்சியின் நிறமோ மேலே ஏற்றப்பட்டது. கணினித் திரையில் கோப்பின் பெயருக்கு வரும் நிறம் இவற்றுள் இரண்டாவது வகையைச் சார்ந்தது. கோப்புக்குள் நிறம் இல்லை. பட்டியலிடும் நிரல் அதனை ஏற்றுகிறது. முனையம் அதனைக் காட்டுகிறது. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்துபவருக்குப் பின்வரும் சிக்கல்களுள் பாதி தாமே தெளிந்துவிடும்.

நிறம் பிறக்கும் இடம்

யூனிக்ஸ் இயக்க அமைப்பு தோன்றிய நாள்முதல், ஒரு கோப்புறையில் உள்ளவற்றைப் பட்டியலிட 'எல்எஸ்' என்னும் ஈரெழுத்துக் கட்டளை வழங்கிவருகிறது. தொடக்கத்தில் அதன் விடை தாளில் அச்சாகியது. பின்னர் ஒரே நிறமுடைய திரையில் தோன்றியது. 1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட விடி100 என்னும் முனையம், வரிக்கு 80 எழுத்துகள் வீதம் 24 வரிகளைக் காட்டியது. அதில் வண்ணம் இல்லை. எனினும், இன்றைய வண்ணப் பட்டியலுக்கு வழிவகுத்த முறை அதில் இருந்தது. திரையில் அச்சிடப்பட வேண்டிய எழுத்துகளுக்கு இடையே திரைக்கு மட்டும் உரிய ஆணைகளையும் கலந்து அனுப்பலாம் என்பதே அம்முறை. இதற்கான தரம் ஐரோப்பாவில் 1976இலும் அமெரிக்காவில் 1979இலும் வகுக்கப்பட்டது.

அவ்வாணை 'எஸ்கேப்' என்னும் குறியுடன் தொடங்கும். 27 என்ற எண்ணுடைய அக்குறிக்கு உருவம் இல்லை. அதனைத் தொடர்ந்து ஒரு சதுர அடைப்புக்குறியும், சில எண்களும், முடிவில் 'எம்' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தும் வரும். எண் 34 ஆயின் இனி வரும் எழுத்துகள் நீலம். 32 ஆயின் பச்சை. 0 ஆயின் பழைய நிலை. முனையம் இவ்வாணையைக் கண்டவுடன் அதனை அச்சிடாமல் விழுங்கிவிட்டு நிறத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும்.

எண்களின் அடுக்கில் ஓர் ஒழுங்கு உண்டு. 30 கருப்பு. அதனோடு சிவப்புக்கு 1, பச்சைக்கு 2, நீலத்துக்கு 4 என்று கூட்டிக்கொள்ள வேண்டும். சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள். ஆகவே மஞ்சளுக்கு 33. பச்சையும் நீலமும் சேர்ந்த வெளிர்நீலப்பச்சைக்கு 36. மூன்றும் சேர்ந்த வெள்ளைக்கு 37. எழுத்தின் பின்புலத்திற்கு இதே வரிசை 40 முதல் 47 வரை அமையும். முன்னால் வரும் 01 எழுத்தைத் தடிப்பாக்கும். எட்டு நிறங்களையும் நெட்டுருச் செய்யத் தேவையில்லை; மூன்று எண்களை நினைவில் கொண்டால் போதும்.

லினக்ஸில் இன்று வழங்கும் 'எல்எஸ்' குனு திட்டத்தைச் சார்ந்தது. ரிச்சர்டு ஸ்டால்மனும் டேவிட் மெக்கன்சியும் எழுதியது. எவ்வகைக் கோப்புக்கு எந்நிறம் என்னும் பட்டியலை ஆக்கித்தரும் துணை நிரல் 'டிர்கலர்ஸ்'. அதனை எழுதியவர் பீட்டர் ஆன்வின். 'டிர்கலர்ஸ்' ஆக்கித்தரும் பட்டியல் 'எல்எஸ்_கலர்ஸ்' என்னும் சூழல்மாறியில் ஒரு நீண்ட வரியாகச் சேமிக்கப்படுகிறது. வழக்கமான பட்டியலில் கோப்புறை தடித்த நீலம், இயக்கத்தக்க கோப்பு தடித்த பச்சை, சுருக்கிக் கட்டப்பட்ட கோப்பு தடித்த சிவப்பு, ஒலிக்கோப்பு வெளிர்நீலப்பச்சை, வேறோரிடத்தைச் சுட்டும் இணைப்பு தடித்த வெளிர்நீலப்பச்சை. சாதாரண உரைக்கோப்புக்கு நிறம் இல்லை.

ஆக, ஒரு பெயர் நிறத்துடன் தோன்ற நால்வர் ஒத்துழைக்க வேண்டும். ஷெல் எனப்படும் கட்டளை ஏற்பி நிறம் வேண்டும் என்று கேட்க வேண்டும். சூழல்மாறி நிறப்பட்டியலைத் தர வேண்டும். 'எல்எஸ்' ஆணைகளைக் கலந்து அனுப்ப வேண்டும். முனையம் அவற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சிக்கலை ஆராய்பவர், இந்நால்வருள் எவர் தவறினார் என்றே தேடுகிறார்.

நிறம் தோன்றாதபோது

'எல்எஸ்' தானாக நிறம் காட்டுவதில்லை. 'எல்எஸ் --கலர்=ஆட்டோ' என்று கேட்டால்தான் காட்டும். இதனை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்வது தொல்லையாதலால், 'எல்எஸ்' என்ற சொல்லையே அந்நீண்ட கட்டளைக்கு மாற்றுப்பெயராக ஆக்கிவைப்பது வழக்கம். பயனர் இல்லத்தில் உள்ள '.பாஷ்ஆர்சி' என்னும் கோப்பில் அம்மாற்றுப்பெயர் எழுதப்பட்டிருக்கும். எனவே நிறம் மறைந்தால் முதலில் செய்யத்தக்கது, 'டைப் எல்எஸ்' என்று தட்டச்சு செய்து பார்ப்பது. மாற்றுப்பெயர் இருந்தால் அதன் விரிவு தோன்றும். இல்லையேல் நிரல் இருக்கும் இடம் மட்டும் தோன்றும். ஒரே வரியில் நோயின் இருப்பிடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. இதனைச் செய்யாமல் இயக்க அமைப்பையே அழித்து மீண்டும் நிறுவத் துணிவோரும் உளர்.

மாற்றுப்பெயர் இல்லை என்று கண்டால், '.பாஷ்ஆர்சி' ஏன் படிக்கப்படவில்லை என்று கேட்க வேண்டும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. வரைகலைத் திரையில் முனையச் சாளரம் திறக்கப்படும்போது பாஷ் பொதுவாக '.பாஷ்ஆர்சி'யைப் படிக்கிறது. வேறொரு கணினியிலிருந்து தொலைவழியே உள்நுழையும்போதோ, அதற்கு மாறாக, '.பாஷ்_புரொஃபைல்', '.பாஷ்_லாகின்', '.புரொஃபைல்' ஆகிய மூன்றையும் இவ்வரிசையில் தேடி, முதலில் அகப்படுவதை மட்டும் படிக்கிறது. டெபியன் வழிவந்த அமைப்புகளில் '.புரொஃபைல்' தானே '.பாஷ்ஆர்சி'யையும் அழைத்துக்கொள்ளும். ஏதேனும் ஒரு மென்பொருளை நிறுவும்போது '.பாஷ்_புரொஃபைல்' என்ற புதிய கோப்பு உருவாகிவிட்டால், பாஷ் அதனோடு நின்றுவிடும்; '.புரொஃபைல்' தீண்டப்படாது. ஆய்வகத்தில் நேரில் அமர்ந்தால் நிறம் வருவதும், வீட்டிலிருந்து தொலைவழியே நுழைந்தால் வராததும் இதனால்தான். புதிய கோப்பில் '.பாஷ்ஆர்சி'யை அழைக்கும் ஒரு வரியைச் சேர்த்தால் தீரும்.

முதன்மைப் பயனராக மாறியவுடன் நிறம் மறைவதும் உண்டு. டெபியனில் அப்பயனருக்குரிய '.பாஷ்ஆர்சி'யில் நிறத்திற்கான வரிகள் குறிப்புரைகளாக முடக்கப்பட்டே வருகின்றன. அது பழுதன்று.

மாற்றுப்பெயர் இருந்தும் நிறம் வராவிட்டால் சூழல்மாறிகளை நோக்க வேண்டும். 'எல்எஸ்_கலர்ஸ்' பட்டியலைக் கையால் திருத்தும்போது ஒரு பிழை நேர்ந்தாலும், அதன் மதிப்பைப் பகுத்தறிய இயலவில்லை என்று 'எல்எஸ்' ஒரு வரி எச்சரித்துவிட்டு, நிறங்கள் அனைத்தையும் கைவிட்டுவிடும். 'டெர்ம்' என்னும் மாறி முனையத்தின் வகையைச் சொல்வது. அதில் தெரியாத பெயர் இருந்தால் 'டிர்கலர்ஸ்' வெற்றுப் பட்டியலையே தரும்.

பட்டியல் வெறுமையாக இருப்பினும் சில வேளைகளில் கோப்புறைகள் மட்டும் நீலமாகத் தோன்றக்கூடும். நிரலுக்குள்ளேயே அடங்கிய அடிப்படை நிறங்கள் சில உள்ளன. கோப்புறை, இணைப்பு, இயக்கத்தக்க கோப்பு முதலியவற்றுக்கு அவை போதும். ஒலிக்கோப்பு, சுருக்கிய கோப்பு போன்றவற்றை அவை அறியா. ஆகவே கோப்புறை நீலமாகவும் சுருக்கிய கோப்பு நிறமின்றியும் தோன்றினால், மாற்றுப்பெயர் நலமாக உள்ளது, பட்டியலே வந்துசேரவில்லை என்று உய்த்துணரலாம். இப்பாதி நிலை, நிறமே இல்லாத நிலையைக் காட்டிலும் தீயது. அதன் விளைவு இறுதிப் பகுதியில் தெரியவரும்.

வேண்டாத இடத்தில் நிறம்

'ஆட்டோ' என்னும் சொல்லின் பொருள், விடை முனையத்திற்குச் செல்லும்போது மட்டும் நிறம் காட்டுக என்பது. விடை வேறொரு நிரலுக்கோ கோப்புக்கோ செல்லுமாயின் 'எல்எஸ்' அதனைக் கேட்டறிந்து ஆணைகளைக் கலவாமல் அனுப்பும். பட்டியல் நீளமாக இருக்கிறதென்று அதனை 'லெஸ்' என்னும் பக்கம்புரட்டி நிரலுக்குள் செலுத்தினால் நிறம் மறைவது இக்காரணத்தால்தான். இதனைப் பழுதென்று கருதிய ஒருவர், மாற்றுப்பெயரில் 'ஆட்டோ'வை நீக்கி 'ஆல்வேஸ்' என்று எழுதுகிறார். எப்போதும் நிறம் காட்டுக என்று பொருள். அன்று முதல் துன்பம் தொடங்குகிறது.

ஒரு மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுக்கும் செயல்திட்டத்தில் ஈடுபட்டுள்ளனர் என்க. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்த மண் அது. கம்மாய், படப்பு, பருத்திமார், நார்ப்பெட்டி என்று முதியோர் வாயில் வழங்கும் சொற்களை அவர்கள் பேசக்கேட்டுப் பதிவு செய்கின்றனர். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஒலிக்கோப்பு, ஓர் உரைக்கோப்பு. எல்லாப் பெயர்களையும் ஒரு பட்டியலாகக் கோப்பில் சேமித்து, அப்பட்டியலைப் படித்து ஒவ்வொன்றையும் வேறிடத்தில் படியெடுக்கும் சிறு நிரலையும் எழுதுகின்றனர்.

நிரல் ஓடுகிறது. உரைக்கோப்புகள் ஒழுங்காகப் படியாகின்றன. ஒலிக்கோப்புகளுக்கு மட்டும், அப்படியொரு கோப்பு இல்லை என்ற மறுமொழி வருகிறது. பட்டியலைத் திறந்து திரையில் காட்டினால் பெயர்கள் சரியாகவே உள்ளன. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாலும் பிழை தென்படவில்லை.

பிழை, உருவமற்ற எழுத்தில் இருக்கிறது. 'ஆல்வேஸ்' என்ற ஆணையின்படி நிறக்குறிகள் கோப்புக்குள்ளும் எழுதப்பட்டுவிட்டன. ஒலிக்கோப்புக்கு நிறம் உண்டு, உரைக்கோப்புக்கு இல்லை. ஆகையால் ஒலிக்கோப்பின் பெயரை முன்னும் பின்னும் எஸ்கேப் வரிசைகள் சூழ்ந்துள்ளன. நிரல் அவற்றையும் பெயரின் பகுதியாகவே கருதித் தேடுகிறது. மனிதர் பார்க்கும்போதோ முனையம் அவற்றை விழுங்கிவிடுகிறது. பிழையைக் காட்ட வேண்டிய திரையே அதனை மறைக்கிறது. 'கேட் -வி' என்னும் கட்டளையால் பட்டியலைக் காட்டினால், கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒரு கூரைக்குறியும் இரு சதுர அடைப்புக்குறிகளும் எண்களுமாக வெளிப்படும். நோய் தெரிந்தபின் மருந்து எளிது: 'ஆல்வேஸ்' மீண்டும் 'ஆட்டோ' ஆக வேண்டும். பக்கம்புரட்டியிலும் நிறம் தேவைப்படும் அவ்வொரு வேளையில் மட்டும் 'எல்எஸ் --கலர்=ஆல்வேஸ்' என்று முழுமையாகத் தட்டச்சு செய்து, 'லெஸ் -ஆர்' என்பதற்குள் பெரிய 'ஆர்' எழுத்துடன் செலுத்தலாம். கோப்புப் பெயர்களை நிரலுக்கு வழங்க 'எல்எஸ்' பட்டியலையே நம்பாதிருத்தல் இன்னும் நன்று. அது மனிதர் கண்ணுக்காக ஆக்கப்பட்டது.

பச்சைப் பின்புலம்

தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அடுத்தடுத்து நிறுவப்பட்டிருந்தன. பாஸ், நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயக்க அமைப்பாகும். இவ்வாறு இரண்டு அமைப்புகள் ஒரே வட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் கணினிகளில் ஒரு விந்தை தோன்றுவதுண்டு. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குரிய வட்டுப் பகுதியைப் பட்டியலிட்டால் கோப்புகள் எல்லாம் பச்சையாகின்றன. கோப்புறைகளோ பச்சைப் பின்புலத்தில் நீல எழுத்தாகி, படிக்கவே இயலாதபடி மங்குகின்றன. நச்சுநிரல் புகுந்துவிட்டது என்று அஞ்சுவோரும் உண்டு.

அச்சத்திற்கு இடமில்லை. விண்டோஸ் கையாளும் என்டிஎஃப்எஸ் முறையும் லினக்ஸின் அனுமதி முறையும் வேறுவேறு. இரண்டுக்கும் இடையே பொருத்தம் வரையறுக்கப்படாதபோது லினக்ஸ் எல்லாக் கோப்புக்கும் எல்லா அனுமதியையும் வழங்கியதாகக் கொள்கிறது. எண்ணால் சொன்னால் 777. இயக்கும் அனுமதி இருப்பதால் நிழற்படமல்லாத சாதாரண உரைக்கோப்பும் பச்சையாகிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அனுமதி இருப்பதால் கோப்புறை பச்சைப் பின்புலம் பெறுகிறது. நிறப்பட்டியலில் அதற்குரிய எண் 34;42.

இதனைத் தீர்க்க இரு வழிகள் உள. 'டிர்கலர்ஸ் -பி' என்ற கட்டளையின் விடையை இல்லக் கோப்புறையில் '.டிர்கலர்ஸ்' என்ற கோப்பாகச் சேமித்து, பிறர் எழுதத்தக்க கோப்புறைக்குரிய வரியில் வேறு நிறம் அமைக்கலாம். கண் உறுத்தல் தீரும். அல்லது அவ்வட்டுப் பகுதியைப் பொருத்தும்போதே கோப்புறைக்கு 022, கோப்புக்கு 133 என்று மறைப்பெண்கள் தரலாம். அப்போது கோப்புறைகளின் அனுமதி 755 ஆகவும் கோப்புகளின் அனுமதி 644 ஆகவும் குறைந்து, நிறங்கள் இயல்புநிலையை அடையும். இரண்டாம் வழியே சிறந்தது. அந்தப் பச்சைப் பின்புலம் ஓர் எச்சரிக்கை. பலர் பயன்படுத்தும் ஆய்வகக் கணினியில், லினக்ஸுக்கே உரிய வட்டுப் பகுதியில் ஒரு கோப்புறை இவ்வாறு தோன்றினால், அடுத்து வந்து அமரும் எவரும் அதிலுள்ளவற்றை அழித்துவிடலாம் என்பது அதன் பொருள். நிறத்தை மாற்றியவர் அவ்வெச்சரிக்கையையும் சேர்த்து இழந்துவிடுகிறார். எல்லாரும் எழுத வேண்டிய பொதுக் கோப்புறை தேவையெனில், உரியவர் மட்டுமே தம் கோப்பை அழிக்க இயலும்படி 'சிஹெச்மாட் +டி' என்ற கட்டளையால் காப்பிடலாம். அப்போது எழுத்து கருப்பாகும், பின்புலம் பச்சையாகவே நிற்கும்.

கண்ணுக்கு எட்டாத நிறம்

கருந்திரையில் நீல எழுத்து மங்கலாகத் தெரிவது கண்ணின் குறையன்று. உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கான தரத்தின்படி, வெள்ளை ஒளியின் ஒளிர்வில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 விழுக்காடு, சிவப்பின் பங்கு 21 விழுக்காடு, நீலத்தின் பங்கு 7 விழுக்காடு மட்டுமே. கரிசல் வெயில் சன்னல் வழியே பாயும் வகுப்பறையில், ஒளிவீழ்த்தி வழியே சுவரில் விழும் அந்த 7 விழுக்காட்டைக் கடைசி இருக்கையில் உள்ளவர் காண்பது அரிது. '.டிர்கலர்ஸ்' கோப்பில் கோப்புறைக்குரிய 01;34 என்பதை 01;33 என மாற்றினால் மஞ்சளாகத் துலங்கும்.

சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தோன்றும். இதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களைவிட ஆண்களிடம் இது மிகுதி. தமக்கு இக்குறை இருப்பதை அறியாமலேயே பதினொன்றாம் வகுப்புவரை வந்துவிட்டவரும் இருக்கக்கூடும். 'பச்சையாக இருப்பதை இயக்குக' என்று ஆசிரியர் சொல்லும்போது, சுருக்கிய கோப்பை இயக்க முயன்று ஏச்சு வாங்குபவர் கவனமற்றவராக இருக்க வேண்டியதில்லை. நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி சொல்வது அத்தகையோரை வெளியே நிறுத்துகிறது. 'எல்எஸ் -எஃப்' என்று பெரிய 'எஃப்' எழுத்துடன் கேட்டால், கோப்புறையின் பெயருக்குப்பின் சாய்கோடும், இயக்கத்தக்கதன் பின் விண்மீன்குறியும், இணைப்பின் பின் 'அட்' குறியும் சேர்ந்து வரும். இதனையும் மாற்றுப்பெயரில் சேர்த்துவிட்டால் நிறம் காண்பவருக்கும் இழப்பில்லை.

தமிழில் கோப்புப் பெயர் வைப்போர் சந்திக்கும் இடர் ஒன்றும் உண்டு. 'கோவில்பட்டி' என்பது 6 எழுத்து. ஒருங்குறியில் 11 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது 33 பைட்டுகள். மொழிச்சூழல் அம்முறைக்கு அமைக்கப்படாத முனையத்தில் 'க' என்ற ஓர் எழுத்து 340, 256, 225 என்னும் மூன்று எண்மக் குறிகளாகச் சிதறும். அல்லது வினாக்குறிகளாக நிற்கும். கோப்பு கெடவில்லை, அதனைப் பார்க்கும் கண்ணாடியே பொருந்தவில்லை. அஞ்சி அழித்துவிடாமல் மொழிச்சூழல் மாறியைத் திருத்தினால் பெயர் மீளும்.

அறுந்த இணைப்பு

சொல் தொகுக்கும் மாணவர்களிடம் மீண்டும் வருவோமாயின், அவர்கள் கதையில் இனிவருவதே பெரிய இடர். ஒலிக்கோப்புகள் இடத்தை அடைத்தமையால், அவற்றை ஒரே இடத்தில் வைத்து, ஒவ்வொரு ஊரின் கோப்புறையிலிருந்தும் அவற்றைச் சுட்டும் இணைப்புகளை மட்டும் அமைத்துள்ளனர் என்க. ஆண்டின் இறுதியில் ஊர்க்கோப்புறைகளை 'சிபி -ஆர்' என்ற கட்டளையால் வெளிவட்டு ஒன்றில் படியெடுக்கின்றனர். அவ்வட்டும் லினக்ஸுக்கு உரிய முறையில் வடிவமைக்கப்பட்டது. படியெடுத்தபின் பட்டியலைப் பார்க்கின்றனர். எல்லாப் பெயர்களும் வெளிர்நீலப்பச்சையில் வரிசையாக நிற்கின்றன. இடம் காலியாக வேண்டும் என்பதால் கணினியில் உள்ள மூலக்கோப்புகளை அழிக்க எண்ணுகின்றனர்.

அழித்தால் குரல்கள் போய்விடும். முழுக் கோப்புறையைப் படியெடுக்கும்போது 'சிபி' இணைப்பை இணைப்பாகவே படியெடுக்கிறது. அது சுட்டும் ஒலியை அன்று. வெளிவட்டில் இருப்பவை கணினியிலுள்ள மூலத்தை நோக்கி நீட்டிய விரல்கள் மட்டுமே. மூலம் இருக்கும்வரை அவை சொடுக்கியவுடன் ஒலிக்கும். ஆகவே ஐயம் எழாது. மூலம் போனபின் இணைப்பு அறுந்து, வழக்கமான நிறப்பட்டியலின்படி கருப்புப் பின்புலத்தில் தடித்த சிவப்பாக மாறும். அச்சிவப்பும் முழுப் பட்டியல் உள்ள கணினியில்தான் வரும். நிரலுக்குள் அடங்கிய அடிப்படை நிறங்களில் அறுந்த இணைப்புக்குத் தனிநிறம் இல்லை. 'எல்எஸ்_கலர்ஸ்' வந்துசேராத கணினியில் அறுந்த இணைப்பும் அறாத இணைப்பும் ஒரே நிறத்தில் தோன்றும். முன்னர்ப் பாதி நிலை தீயது என்றதன் பொருள் இது. பேசிக்கொடுத்த மூதாட்டி அடுத்த ஆண்டு இருப்பாரா என்பது உறுதியில்லை. அவர் சொன்ன சொல்லை அதே குரலில் இன்னொரு முறை பதிவு செய்ய இயலாமற்போகலாம்.

அழிப்பதற்கு முன்பே வெளிர்நீலப்பச்சை ஒரு செய்தியைச் சொல்லிவிட்டது என்பதைக் கருத வேண்டும். ஒலிக்கோப்பின் நிறமும் அதுவே, இணைப்பின் நிறமும் அதுவே. தடிப்பு ஒன்றே வேறுபாடு. மங்கிய திரையில் அவ்வேறுபாடு புலப்படாது. 'எல்எஸ் -எல்' என்று கேட்டிருந்தால் ஒவ்வொரு வரியின் முதலெழுத்தும் 'எல்' ஆக இருப்பதும், பெயருக்குப்பின் ஓர் அம்புக்குறி மூலத்தின் இருப்பிடத்தைச் சுட்டுவதும், அளவு சில பைட்டுகளாகவே இருப்பதும் தெரிந்திருக்கும். சில நிமிடப் பேச்சு சில பைட்டுகளில் அடங்காது.

'சிபி -ஆர்எல்' என்று, பின்னுள்ள 'எல்'லைப் பெரிய எழுத்தாகச் சேர்த்துப் படியெடுத்தால், இணைப்பு சுட்டும் ஒலியே வெளிவட்டில் வந்து அமரும். பின்னர் அவ்வட்டை மூலம் இல்லாத வேறொரு கணினியில் பொருத்தி, 'ஃபைண்ட் . -எக்ஸ்டைப் எல்' என்று தேட வேண்டும். அறுந்த இணைப்பு ஏதேனும் இருந்தால் நிறத்தின் துணையின்றியே அதன் பெயர் வெளிப்படும். ஒரு பெயரும் வராமல் கட்டளைக்குறி மட்டும் மீண்டும் தோன்றிய பிறகு, கோப்புகள் சிலவற்றைத் திறந்து, கம்மாய் என்றும் படப்பு என்றும் அக்குரல்கள் ஒலிப்பதைக் காதால் கேட்டபின், மூலத்தை அழிக்கலாம்.